எட்டு மாதத் தங்கையும் இரண்டரை வயது அண்ணனும்: குன்னூரில் ஒரு முகப்பட அமர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

குன்னூரில் திருமணப் படங்களுக்குப் பெயர் பெற்ற இளம் ஒளிப்படக் கலைஞர் ஒருவர், நவம்பர் மாத இறுதியில் ஒரு குடும்பத்துக்காக எடுத்த குழந்தைப் படங்களை முழுவதுமாக என்னிடம் கொடுத்து, எது ஏன் சரியாக வரவில்லை என்று பார்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். எட்டு மாதப் பெண் குழந்தை, இரண்டரை வயது அண்ணன், பெற்றோர், தாய்வழிப் பாட்டி, சித்தி ஆகியோர் அந்த அமர்வில் இருந்தனர். நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டிருந்தும், பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத் தக்க படம் ஒன்றுகூட அமையவில்லை. அவரிடம் இருந்தது முழு அளவு சென்சார் கொண்ட கேமரா. லென்ஸ் 85 மி.மீ.; அதே கருவிகளைக் கொண்டு மணமேடையில் அவர் எடுக்கும் முகப்படங்கள் மிகச் சிறப்பானவை. ஆகவே கருவியின் குறை என்றோ அனுபவக் குறைவு என்றோ இதைத் தள்ளிவிட முடியாது. பெரியவர்களைப் படமெடுப்பதில் தேர்ந்த ஒருவரின் பழக்கங்களே குழந்தைகளிடம் எப்படித் தடையாகின்றன, அவற்றை எந்த வரிசையில் மாற்றினால் படம் மேம்படுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவதால் இந்நிகழ்வை விரிவாக எழுதுகிறேன். குடும்பத்தாரின் ஒப்புதலுடன், அவர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

முதல் அமர்வு

அமர்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் சிம்ஸ் பூங்கா. 1874-இல் உருவாக்கப்பட்ட இப்பூங்கா பள்ளத்தின் சரிவில் அடுக்கடுக்காகக் கீழிறங்குவதாலும், ஓங்கி வளர்ந்த பழைய மரங்கள் நிறைந்திருப்பதாலும், சூரியன் மறைவதற்கு நெடுநேரம் முன்பே கீழ்த்தளங்களில் வெளிச்சம் குறைந்துவிடும். படக்கோப்புகளில் பதிவாகியிருந்த நேரத்தின்படி முதல் படம் எடுக்கப்பட்டது மாலை நாலரை மணிக்கு. அன்று மழை இல்லை. ஆனால் மூடுபனி இறங்கியிருந்தது. புல்வெளியில் விரிப்பைப் போட்டுக் குழந்தையை உட்காரவைத்திருந்தார்கள். புருவம் வரை இழுத்துவிடப்பட்ட வெள்ளைக் கம்பளித் தொப்பி, அதே நிறத்தில் ஸ்வெட்டர், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கண்ணுக்கு மை, நெற்றியிலும் கழுத்திலும் பவுடர் என்று வீட்டார் மிகுந்த ஆசையோடு தயார் செய்திருந்தார்கள். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) நொடியில் 125-இல் ஒரு பங்கு, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) எஃப் 1.8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100 என்பவை ஏறத்தாழ அமர்வு முழுவதும் மாறவே இல்லை. கலைஞர் நின்றபடியே எடுத்திருக்கிறார் என்பதைக் குழந்தையின் தலை உச்சி பெரிதாகவும் தாடை சிறுத்தும் தெரிந்ததிலிருந்து அறிய முடிந்தது.

தவறிய படங்களை அழித்துவிடாமல், தவறிய காரணத்தை வைத்துத் தனித்தனி அடைவுகளாக (கணினிக் கோப்புறைகளாக) பிரிக்குமாறு அவரிடம் சொன்னேன். குழந்தைப் படங்களில் திறனை வளர்த்துக்கொள்ள விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். நல்ல படத்தைப் பார்த்துக் கற்பதைவிட, தவறிய படங்களை வகை பிரிப்பதால் கிடைக்கும் தெளிவு அதிகம். ஏனெனில் எதை முதலில் மாற்ற வேண்டும் என்பதை அந்த அடைவுகளின் அளவே சொல்லிவிடுகிறது. அழுகைதான் காரணம் என்று அவர் நம்பியிருந்தார். பிரித்துப் பார்த்தபோது அழும் படங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. குழந்தை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த படங்கள் மிகப் பெரிய அடைவாகவும், கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் தொப்பியின் விளிம்பில் விழுந்த படங்கள் அதற்கு அடுத்ததாகவும், கைகால் அசைவால் கலங்கிய படங்கள் மூன்றாவதாகவும் வந்தன. கண்கள் இருண்டு குழி போலத் தெரிவது ஏறத்தாழ எல்லாப் படங்களுக்கும் பொதுவான குறையாக இருந்தது.

பார்வை ஏன் சிதறியது

முதல் அடைவிலிருந்து தொடர்ச்சியாக எடுக்கப்பட்ட நான்கு படங்களை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் குழந்தை இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே பாட்டி வளையல்களைக் குலுக்குகிறார். இரண்டாவதில் வலப்பக்கம் பார்க்கிறது. சித்தியின் கையில் கிலுகிலுப்பை. மூன்றாவதில் தலை மேலே நிமிர்ந்திருக்கிறது. கலைஞரின் தோளுக்குப் பின்னால் நின்று தந்தை கைதட்டுகிறார். நான்காவதில் கீழுதடு வெளியே மடிந்து, தாடை சுருங்கத் தொடங்கிவிட்டது. இந்த நான்கு படங்களுக்கும் இடையே உள்ள நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. "கண்ணு, இங்கப் பாரு", "பாப்பா, இந்தா பாரு" என்று மூவர் மூன்று திசையிலிருந்து அழைத்தால் குழந்தை மூன்று திசையிலும் பார்க்கத்தான் செய்யும். அது ஒத்துழைக்க மறுத்ததாக எவரும் சொல்ல முடியாது. அழைத்த ஒவ்வொருவருக்கும் அது பதில் சொல்லியிருக்கிறது.

எட்டாவது மாதம் என்பதும் இங்கே முக்கியமானது. ஆறாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையே பெரும்பாலான குழந்தைகளுக்கு வேற்றுமுகம் பார்க்கும் இயல்பு தொடங்கிவிடுகிறது. நான்கு மாதத்தில் யார் எடுத்தாலும் சிரித்த குழந்தை இப்போது தெரியாத முகத்தைக் கண்டதும் தாயின் தோளில் முகம் புதைக்கும். இது வளர்ச்சியின் அடையாளம். ஒரு வயதைத் தாண்டியும் சில காலம் தொடரும். திருமணத்தில் மணமக்களிடம் நேராகச் சென்று, உரத்த குரலில் உற்சாகமாகப் பேசி, உடனே கேமராவை உயர்த்துவது கலைஞரின் வழக்கம். எட்டு மாதக் குழந்தைக்கு அதுவே அச்சம் தருவது: தெரியாத ஆள், உரத்த குரல், பிறகு அந்த முகமும் மறைந்து அதன் இடத்தில் பெரிய கருப்புக் கண்ணாடி.

இந்த இடத்தில் குழந்தையின் பாட்டி முதல் அமர்வு முடிந்து கிளம்பும்போது சொன்ன சொல்லைக் கலைஞர் நினைவுகூர்ந்தார்: "தம்பி, நீங்க காலையில கஞ்சி குடிச்சுட்டு விளையாடுற நேரத்துக்கு வந்திருந்தா இவ இப்படி சிணுங்கியிருக்க மாட்டா." அமர்வு குறித்து எவரும் சொன்னவற்றுள் இதுவே மிகச் சரியான மதிப்பீடு என்று நான் கருதுகிறேன். குழந்தை பகலில் உறங்கி எழும் நேரத்தை எவரும் கேட்கவில்லை. மாலை வெளிச்சம் அழகாக இருக்கும் என்ற கணக்கில் நேரம் குறிக்கப்பட்டது. அன்று பூங்காவுக்கு வரும் அவசரத்தில் பகல் உறக்கம் பாதியில் கலைக்கப்பட்டிருந்தது. பெரியவர்களின் முகப்படத்துக்கு வெளிச்சத்தைப் பார்த்து நேரம் குறிப்பது சரி. குழந்தைப் படத்துக்கு உறக்கமும் பசியும்தான் நேரத்தைக் குறிக்கும். அந்த நேரத்தில் எங்கே நல்ல வெளிச்சம் இருக்கிறது என்று தேடிப் போவது நம் வேலை.

மூடுபனியும் கண்ணின் இருளும்

மூடுபனி வெளிச்சம் மென்மையானது, நிழல் விழாது, ஆகவே முகப்படத்துக்கு உகந்தது என்று மலையில் படமெடுக்க வருபவர்கள் பலரும் நம்புகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. வெளிச்சம் பரவலாக இருந்தாலும் அதன் பெரும்பகுதி தலைக்கு நேர் மேலிருந்து இறங்குகிறது. புருவமும் தொப்பியின் விளிம்பும் கூரையாக நின்று கண்களை மறைத்துவிடுகின்றன. கன்னமும் மூக்கின் மேற்புறமும் ஒளிர்ந்து, கண்கள் ஒளிப்புள்ளியின்றி (கண்மணியில் மின்னும் வெளிச்சத்தின் பிரதிபலிப்பின்றி) மங்கிப்போகின்றன. குழந்தையின் முகத்தில் கண்களே பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால் இந்தக் குறை பெரியவர்கள் முகத்தில் தெரிவதைவிடக் கூடுதலாகத் தெரியும். அதோடு, புல்தரையில் பட்டு மேலெழும் வெளிச்சம் பச்சை நிறம் கலந்து தாடையின் அடியிலும் கழுத்திலும் படிந்திருந்தது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே நின்று எடுக்கும் படங்களிலும் இதே பச்சைச் சாயல் வருவதை நீலகிரியில் வேலை செய்யும் எவரும் கண்டிருப்பர்.

இதற்கான தீர்வு எளியது. அதிகச் செலவும் இல்லாதது. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். வீட்டுத் தாழ்வாரத்தின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, வெளியைப் பார்த்தபடி குழந்தையை அமர்த்தினால், மேலிருந்து வரும் வெளிச்சத்தைக் கூரை தடுத்துவிடும். எதிரே பரந்திருக்கும் வெண்பனி முழுவதும் பெரிய ஜன்னலாக மாறி, முகத்துக்கு நேரே வெளிச்சம் தரும். கண்ணில் ஒளிப்புள்ளி தானாக விழும். தரையில் வெளிர்நிறச் சால்வையோ வேட்டியோ விரித்தால் பச்சைச் சாயலும் நீங்கி, தாடையின் அடியில் இருந்த இருளும் குறையும். தொப்பியை இரண்டு விரல் அளவு மேலே தூக்கிவிடுவதும் அவசியம்.

வெள்ளைத் தொப்பியும் வெள்ளைப் பனியும் சேர்ந்த காட்சியில் கேமராவின் ஒளிமானி ஏமாந்து படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் அமர்வின் படங்கள் எல்லாமே முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை இருண்டிருந்தன (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாகவோ இருமடங்காகவோ மாறும் அளவு). குழந்தையின் கன்ன நிறத்தைச் சரியாகக் கொண்டுவர ஒளிமானி சொல்வதைவிட அந்த அளவு கூட்டி வைப்பதே முறை.

அமைப்புகளை மாற்றிய விதம்

85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் துல்லியமாகத் தெரியும் ஆழம் சுமார் 3 செ.மீ. மட்டுமே. குழந்தையின் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரம் அதைவிடப் பன்மடங்கு. மணமகள் அசையாமல் நிற்கும்போது இந்த மெல்லிய ஆழம் அழகு தரும். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் குழந்தையிடம், ஃபோகஸ் பூட்டிய கணத்துக்கும் ஷட்டர் திறக்கும் கணத்துக்கும் இடையிலேயே கண் அந்த 3 செ.மீ.-ஐக் கடந்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளி எஃப் 2.8 வைத்தால் ஆழம் சுமார் 9 செ.மீ. ஆகிறது. பின்னணி அப்போதும் போதிய அளவு கலைந்தே இருக்கும்.

ஷட்டர் வேகத்தில் தயக்கமே கூடாது. உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கு குறைந்த அளவு. கைகொட்டி விளையாடும் குழந்தைக்கு 400 அல்லது 500. ஓடும் பிள்ளைக்கு 800-க்கு மேல். இதற்கு ஈடாக ஐஎஸ்ஓ உயரும். ஐஎஸ்ஓ 100-ஐ விட்டு நகர மறுத்ததுதான் முதல் அமர்வின் அசைவுக் கலக்கத்துக்கெல்லாம் வேர். படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் வந்துவிடுமோ என்று கலைஞர் அஞ்சினார். இன்றைய சென்சார்களில் ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200-இல் வரும் புள்ளிகள் அச்சிட்ட படத்தில் கண்ணுக்கே தெரியாது. தெரிந்தாலும் எந்தத் தாயும் அதைக் குறையாகச் சொல்லமாட்டார். கலங்கிய கண்ணை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அசையும் உருவத்தை விடாமல் பின்பற்றும் தொடர் ஃபோகஸும் கண் கண்டறியும் வசதியும் அவருடைய கேமராவில் இருந்தன. ஆனால் விளிம்பு தடித்த தொப்பி, மை தீட்டிய சிறிய கண், இருண்ட வெளிச்சம் மூன்றும் சேர்ந்தபோது அந்த வசதி தடுமாறியது. தொப்பியை உயர்த்தி, வெளிச்சத்தை முகத்துக்கு நேரே கொண்டுவந்த பின் அதே வசதி சரியாக வேலை செய்தது. ஃபோகஸ் சிக்கல் என்று நாம் நினைப்பவற்றில் பாதி உண்மையில் வெளிச்சச் சிக்கல்களே.

தொடர்ச்சியாகச் சுடும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். உதகையின் இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் 120 என்னும் அகலமான பிலிம் சுருளில் வேலை செய்தார்கள். சதுரப் படமானால் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். அந்தக் கட்டுப்பாடு இருந்தபோது கண்கள் குழந்தையின் மீது இருந்தன. நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் வசதி வந்த பின் விரல் பொத்தானிலேயே இருந்துவிடுகிறது. சிரிப்புக்கு முன்னால் வரும் மூச்சிழுப்பையும், கை நீட்டுவதற்கு முன்னால் தோள் உயர்வதையும் கவனிக்கும் பழக்கம் போய்விடுகிறது. வேகமான தொடர் படங்கள் ஓடும் பிள்ளைக்குத் தேவை. உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் அவை கவனத்தைக் கெடுக்கவே செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

இடைப்பட்ட பயிற்சி

இரண்டாவது அமர்வு ஜனவரி மாதத்துக்குக் குறிக்கப்பட்டது. அதற்குள் கலைஞர் இரண்டு பயிற்சிகளைச் செய்தார். முதலாவது, தம் வீட்டு ஜன்னலருகே குழந்தை அளவுள்ள பொம்மை ஒன்றை வைத்து, காலை முதல் மாலை வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு படம் எடுப்பது. ஜன்னலை ஒட்டி வைத்தால் ஒரு கன்னம் வெளிறி மறுகன்னம் இருண்டுபோவதும், ஒரு மீட்டர் உள்ளே தள்ளினால் அந்த வேறுபாடு இளகுவதும், எதிர்ப்புறம் நாற்காலியின் மீது வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் இருண்ட கன்னம் தெளிவதும் அவருக்குக் கண்கூடாகப் புரிந்தன. ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் ஒன்றாக எரியும்போது முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் ஆவதையும் அப்போதுதான் அவர் பார்த்தார். பல்பை அணைப்பதே அதற்கு வழி. கூரையில் ஃபிளாஷ் அடித்துத் திருப்பும் முறையும் சோதிக்கப்பட்டது. மலையூர்ப் பழைய வீடுகளின் மரப்பலகைக் கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பழுப்பு நிறமேறி வருவதால் அது கைவிடப்பட்டது.

இரண்டாவது பயிற்சி கேமரா இல்லாமல் நடந்தது. பக்கத்து வீட்டில் தவழும் குழந்தை ஒன்று இருந்தது. அங்கே சென்று, தரையில் உட்கார்ந்து, குழந்தையை நேராகப் பார்க்காமல் அதன் தாயோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை தானாக அருகில் வந்து தொடும்வரை எதுவும் செய்யக் கூடாது. அதுவரை பொறுத்திருப்பதுதான் இந்தத் துறையில் மிகக் கடினமான திறன் என்று அவர் பின்னர் கூறியதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

வயதுக்கேற்ற நிலை எது என்பதைத் தீர்மானிக்க அவருக்கு நான் பிள்ளைத்தமிழின் பருவங்களைச் சுட்டினேன். ஐந்தாம் மாதத்தை ஒட்டிய செங்கீரையில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிறது. ஒன்பதாம் மாதத்தை ஒட்டிய சப்பாணியில் உட்கார்ந்து கைகொட்டுகிறது. ஓராண்டை ஒட்டிய வருகையில் தளர்நடையிட்டு வருகிறது. குழந்தை எந்தப் பருவத்தில் எதைத் தானாகச் செய்யும் என்பதை இத்தனை நுட்பமாகப் பார்த்து வரிசைப்படுத்திய மரபு நம்மிடம் இருக்கும்போது, பிடித்துக்கொண்டால்தான் உட்காரும் குழந்தையைத் தனியே கூடையில் உட்காரவைக்க வேண்டிய தேவையே இல்லை. செங்கீரைக் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்துத் தரைமட்டத்திலிருந்து எடுக்கலாம். சப்பாணிக் குழந்தைக்கு எதிரே ஒருவர் கைகொட்டிக் காட்டினால் அது தானும் கொட்டும். ஜனவரியில் நம் குழந்தை பத்தாம் மாதத்தில் இருக்கும் என்பதால் திட்டம் கைகொட்டலைச் சுற்றியே அமைந்தது.

இரண்டாவது அமர்வு

இம்முறை இடம் குடும்பத்தாரின் வீடு. நேரம் காலை எட்டரை மணி, குழந்தை உறங்கி எழுந்து கேழ்வரகுக் கஞ்சி குடித்து முடித்த பிறகு. கிழக்கு நோக்கிய அறையில் நேராக விழுந்த வெயிலை மென்மையாக்க ஜன்னலில் மெல்லிய வேட்டி கட்டப்பட்டது. எல்லா பல்புகளும் அணைக்கப்பட்டன. குளிருக்காக அறையில் கரி அடுப்பு வைக்கலாமா என்று வீட்டார் கேட்டபோது கலைஞர் உறுதியாக மறுத்தது பாராட்டுக்குரியது. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்ஸைடு மணமோ நிறமோ இல்லாதது. மலையூர்களில் அதனால் உயிரிழப்புகள் நேர்ந்ததுண்டு. மின்சார ஹீட்டர் ஒன்று எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டு, அறை வெதுவெதுப்பான பிறகே ஸ்வெட்டர் கழற்றப்பட்டது. வெளியிலிருந்து குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் உடனே எடுத்தால் லென்ஸில் நீர்ப்பனி படியும் என்பதால், பையைத் திறக்காமலேயே அரைமணி நேரம் அறையில் வைத்திருந்தார். அந்த அரைமணியே குழந்தை அவரைப் பழகிக்கொள்ளும் நேரமாகவும் அமைந்தது.

அழைக்கும் வேலை பாட்டி ஒருவரிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்டது. அவர் கலைஞருக்குப் பின்னால், தம் தலை லென்ஸுக்கு மேல் தெரியும்படி அமர்ந்தார். தந்தையும் சித்தியும் அடுத்த அறையில் இருந்தனர். கலைஞர் தரையில் படுத்து, கேமராவின் திரையை வெளியே மடித்து வைத்து, முகம் மறையாதபடி எடுத்தார். அமைப்புகள் 400-இல் ஒரு பங்கு, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600. குழந்தை தாயின் மடியிலேயே அமர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டிய ஒளிப்படங்களுக்காகத் தாயைத் துணியால் மூடி நாற்காலி போலாக்கி, மடியில் குழந்தையை வைத்து எடுப்பார்கள். இன்று தாயை மறைக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. குழந்தையின் வயிற்றைச் சுற்றியிருக்கும் தாயின் கை படத்தில் இருந்தால் குழந்தையின் அளவும் தெரிகிறது, அதன் நிம்மதிக்கான காரணமும் தெரிகிறது.

அண்ணனிடம்தான் சிக்கல் நீடித்தது. இரண்டரை வயதுப் பிள்ளையிடம் "சிரி" என்று சொன்னால் பல்லைக் காட்டிக் கண்ணை இறுக்கிக்கொள்வான். "தங்கச்சிக்கு முத்தம் குடு" என்றால் ஓடிவிடுவான். அவனுக்குத் தேவை ஒரு வேலை. சமையலறையில் கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து வாங்கிய, தழையோடு கூடிய கேரட் கட்டு ஒன்று இருந்தது. அதைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தங்கையின் முன்னால் இருக்கும் பித்தளைப் பாத்திரத்தில் போட வேண்டும் என்று பாட்டி சொன்னார். பாத்திரம் வைக்கப்பட்ட இடம் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் இடம். ஃபோகஸும் அங்கேயே சரிபார்க்கப்பட்டிருந்தது. அவன் கேரட்டை எடுக்க அறையின் மூலைக்கு ஓடும்போதெல்லாம் கலைஞர் எடுக்கவில்லை. திரும்பி வந்து குனிந்து போடும்போது மட்டும் எடுத்தார். துரத்திப் பிடிக்காமல், பிள்ளை தானாகத் திரும்பி வரும் இடத்தை வெளிச்சத்தில் அமைத்துக் காத்திருக்கும் இந்த முறையே இந்த ஆய்வின் மையமான பாடம்.

ஐந்தாவதோ ஆறாவதோ முறை, அவன் கேரட்டைப் பாத்திரத்தில் போடாமல் தழையைப் பிடித்துத் தங்கையின் மூக்கருகே ஆட்டினான். அவள் தழையைப் பார்த்து, பிறகு அவனைப் பார்த்து, இரண்டு கைகளையும் ஒன்றாகக் கொட்டினாள். குடும்பத்தார் பின்னர் பெரிதாக்கக் கேட்டது அந்தப் படத்தைத்தான். இருவரில் எவரும் கேமராவைப் பார்க்கவில்லை. பச்சைக் கேரட்டைக் குழந்தை வாயில் வைத்துக் கடித்துவிடாதபடி தாயின் கை படம் முழுவதும் அருகிலேயே இருந்தது. கடினமான துண்டு தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு என்பதால் இத்தகைய பொருள்களை வைத்து எடுக்கும்போது இந்த ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, அன்று சித்தி தம் கைப்பேசியில் காட்டிய படம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பிறந்து சில நாளே ஆன குழந்தை, முழங்கைகளை ஊன்றி, உள்ளங்கைகளில் தாடையைத் தாங்கியபடி உறங்குவது போன்ற படம். உறவினர் வீட்டில் பிறந்த குழந்தையை இப்படி எடுக்க முடியுமா என்று அவர் கேட்டார். அப்படி எந்தக் குழந்தையும் தானாக இருக்க முடியாது. ஒருவர் தலையைப் பிடித்திருக்க ஒரு படமும், கைகளைப் பிடித்திருக்க இன்னொரு படமும் எடுத்து, பிடித்த கைகளை நீக்கி இரண்டையும் இணைத்தே அது உருவாக்கப்படுகிறது. கழுத்து நிற்காத குழந்தையை உண்மையிலேயே அப்படி வைத்தால் தலை சரிந்து மூச்சு தடைபடலாம். இதைச் சரியாகக் கற்காதவர்கள் முயலவே கூடாது. கற்றவர்களும் உதவியாளர் கையை எடுக்கவே கூடாது. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி, தாயின் கைகளில் வைத்து ஜன்னலோரம் எடுப்பதே போதும் என்று கலைஞர் விளக்கினார்.

தாழ்வாரத்தில் எடுத்த படங்களில் வெளிச்சம் எதிர்பார்த்தபடியே அமைந்தது. தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதையில் அண்ணன் தந்தையிடமிருந்து தாயை நோக்கி ஓடிவந்த தொடர் மட்டும் பாதிதான் தேறியது. கேமராவை நோக்கி நேராக ஓடிவரும் பிள்ளையைக் கண் கண்டறியும் வசதி கடைசி இரண்டு மீட்டரில் தவறவிட்டது. குறுக்காக ஓடியபோது எடுத்தவை தெளிவாக இருந்தன.

படத்தைத் திருத்தும்போது

கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை மென்பொருளால் அழிக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். அதை வைத்தவர் பாட்டி; அது அந்த நாளின் பகுதி. மூக்கொழுகல், கஞ்சித் துளி, நகக்கீறல் ஆகியவற்றை நீக்கலாம். குளிர்க்காற்றில் வறண்டு சிவந்த கன்னத்தின் சிவப்பைச் சற்றுக் குறைக்கலாம். முழுவதும் நீக்கினால் முகம் மெழுகாகிவிடும். பவுடர் விஷயத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: பூசிய இடம் கேமராவில் சாம்பல் திட்டாகத் தெரியும், பிறகு சரிசெய்வது கடினம். நிறத்தை வெளுக்கச் சொல்லி எவர் கேட்டாலும் மறுக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. குழந்தையின் நிறம் குழந்தைக்கு உரியது.

படங்களைத் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதைக் கலைஞர் அமர்வுக்கு முன்பே எழுத்தில் கேட்டிருந்தார். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வலியுறுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்ய வேண்டியதே. குடும்பத்தார் கேரட் படத்தை மட்டும், அதுவும் கடைச் சுவரில் மாட்ட மட்டும், அனுமதித்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைக்கும்போது எடுத்த படங்களின் கோப்புகள் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, கலைஞரின் கணினியிலிருந்து நீக்கப்பட்டன.

அடுத்த அமர்வு குழந்தை நடக்கத் தொடங்கிய பின், மழைக்காலம் வருவதற்கு முன் வைக்கப்பட இருக்கிறது. தளர்நடையிடும் குழந்தை தொடக்கத்தில் எட்டி நிற்கும் ஆளை நோக்கி நடக்காது, கைக்கெட்டும் ஆளை நோக்கியே நடக்கும் என்பதால், 85 மி.மீ. லென்ஸோடு 35 மி.மீ. ஒன்றையும் வைத்துக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறேன். அகன்ற லென்ஸை முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்துத் தெரியும். ஆகவே குழந்தையின் முழு உருவமும், அதன் விரலைப் பிடித்திருக்கும் கையும் சட்டத்துக்குள் வரும் தூரத்திலேயே அதைப் பயன்படுத்த வேண்டும். நேராக ஓடிவரும் பிள்ளையைத் தொடரும் பயிற்சியைக் கலைஞர் இப்போது தம் தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வீடு திரும்பும் நேரத்தில், அவர்களின் பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் செய்துவருகிறார்.